ஊர் சுற்றும் உரிமை யாருக்கு?

திலக் நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றால் லோகமான்ய திலக் முனையத்தின் தண்டவாளங்கள் தெரியும். செம்பூர், தாராவித் தமிழர் பலருக்கு ஊர் என்பது அந்தத் தண்டவாளங்களின் மறுமுனை. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் செல்லும் வண்டிகளோடு, வாரம் ஒருமுறை காரைக்காலுக்கும் ஒரு வண்டி அங்கிருந்து புறப்படுகிறது. இந்தப் பதிவு அந்தக் காரைக்காலையும் ஒரு கரீபியக் கனவையும் பற்றியது.

எங்கள் ஆய்வுத்துறையில் முதுகலை முடித்த தம்பி ஒருவன் சென்ற வாரம் தன் பயணத் திட்டத்தைக் காட்டினான். "அண்ணா, வேலையில் சேர்வதற்கு முன் மூன்று மாதம் முதுகுப்பையோடு கிளம்புகிறேன். மெக்சிகோவில் இறங்கி, பேருந்து மாறி மாறி பெலீஸ் வரை. அங்கிருந்து படகில் கே கோக்கர் தீவு. அந்தத் தீவின் தாரக மந்திரமே 'மெதுவாகப் போ' என்பதுதான்." கார் இல்லாத மணல் தெருக்கள், வேலியில் உலரும் துணிகள், யாருக்கும் அவசரமில்லாத கரை என்று அவன் அடுக்கியபோது எனக்கும் ஆசை வந்தது. அலுவலக நேரத்தில் குர்லா நடைமேடையில் நின்று பழகிய எவருக்கும் வரும் ஆசை அது. அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அவனிடம் ஒன்று கேட்டேன்: "அந்தக் கடலுக்கு நம் ஊரிலிருந்து முதலில் போனவர்கள் எப்படிப் போனார்கள் தெரியுமா?" தெரியாது என்றான். குறை அவனுடையதன்று, நம் பாடநூல்கள் சொல்லித் தரவில்லை.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டங்களைவிட்டு விலகினர். தோட்ட முதலாளிகளுக்கோ மலிவான கைகள் வேண்டியிருந்தன. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. சுற்றிலும் வறுமை இருந்தது. 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் தென்னிந்தியத் தொழிலாளர்களோடு மார்த்தினிக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்பை அடைந்தது. பின்வந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 இந்தியர் குவாதலூப்புக்கும் 25,000 இந்தியர் மார்த்தினிக்குக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர்.

அவர்களும் தரைவழியும் கடல்வழியுமாகத்தான் போனார்கள். ஊரிலிருந்து துறைமுகம் வரை மண்பாதை. அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு கைநாட்டு. பின்பு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் ஏறத்தாழ மூன்று மாதம். தம்பியின் திட்டமும் மூன்று மாதம்தான். ஆனால் அவனிடம் திரும்பும் சீட்டு இருக்கிறது. அவர்களுக்கும் ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தது. எனினும் பலர் ஊர் திரும்பவில்லை.

என் ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது கப்பல் பயணம் அன்று. கரையேறிய பின் அவர்களை ஆண்ட ஒரு சொல். அந்தச் சொல் 'நாடோடித்தனம்'. 1852 பிப்ரவரியில் வெளியான பிரெஞ்சு ஆணை குடிபெயர்வையும் உழைப்பையும் நாடோடித்தனத்தையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியது. தொழிலாளி பணிக் கையேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். கையேடும் வேலையும் இன்றிச் சாலையில் திரிந்தால் தண்டனை. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் நம்மவரையும் அந்தச் சட்டம் ஒரே கயிற்றால் கட்டியது. அதாவது, இன்று எந்தத் தீவுகளில் சும்மா இருப்பதற்காக உலகம் பணம் கொடுத்துச் செல்கிறதோ, அங்கே ஒரு காலத்தில் சும்மா இருப்பது குற்றம்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கையேந்துவதை மட்டும் அது பிச்சை என்று வரையறுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு ஏதுமின்றிப் பொது இடத்தில் திரிவதையும் தங்குவதையும், அவர் பிச்சையால் பிழைப்பவர் என்று தோன்றினால், அந்த வரையறைக்குள் கொண்டுவருகிறது. டெல்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு டெல்லிக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் முனையத்தின் வாசலில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் முதியவர் யாருடைய கண்ணுக்கும் பயணியாகத் தெரிவதில்லை. அதே இடத்தில் விலையுயர்ந்த முதுகுப்பையில் சாய்ந்து உறங்கும் இளைஞரை யாரும் எழுப்புவதில்லை. இருவரிடமும் இருப்பது ஒரு பை, ஒரு காத்திருப்பு. ஒருவருடைய அலைச்சல் அனுபவம் ஆகிறது. மற்றவருடையது சந்தேகம் ஆகிறது.

ஆகவே என் கருத்து இது: 'அவசரமில்லாத தீவு' என்பது கடலும் தென்னையும் தானே தந்த கொடை என்று நம்புவது தவறு. மணியடித்து மனிதரை வேலைக்கு விரட்டிய தோட்டங்களின் மண் அது. அங்குள்ள மக்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமையைப் போராடிப் பெற்றார்கள். அந்த நிதானத்தை அவர்களுடைய வெற்றியாகப் பார்க்க வேண்டும். நம் களைப்புக்கான மருந்தாக மட்டும் பார்க்கக் கூடாது.

அந்தப் போராட்டத்துக்குப் பெயரும் முகமும் உண்டு. குவாதலூப்பில் ஒப்பந்தத் தொழிலாளரின் மகனாக 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், தம் மக்களுக்கு வாக்குரிமையும் குடியுரிமையும் கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டு வென்றது. இன்று அத்தீவின் கபெஸ்தேர் பகுதியில் சாங்கி கோயில் இருக்கிறது. மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆகியிருக்கிறாள். வேப்பிலை 'வெபெலே' ஆகிவிட்டது. நாடகம் 'நத்ரோன்' ஆகிவிட்டது. மொழி உதிர்ந்தபோதும் சில சொற்களை அவர்கள் விடவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு சமைக்கும் மசாலாக் குழம்பின் பெயர் 'கொலம்போ'. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அதைத் தங்கள் உணவு என்றே சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள்.

தம்பி போகட்டும். விமானத்தைத் தவிர்த்துப் பேருந்திலும் படகிலும் போவது நல்ல முடிவு. தூரத்தை உடம்பு உணரும். ஆனால் கே கோக்கரோடு நிறுத்திவிட வேண்டாம். குவாதலூப், தொமினிக்கா, மார்த்தினிக் தீவுகளை இணைத்துப் பயணக் கப்பல்கள் ஓடுகின்றன. பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களான அவ்விரு தீவுகளுக்கும் இந்தியர் நுழைவிசைவு பெற வேண்டும். அன்று கைநாட்டுப் போட்டால் ஏற்றிச் சென்ற கரை, இன்று வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்கிறது. அந்த வரிசையில் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

அதற்கு முன் ஒரு சிறு பயணம் இருக்கிறது. நம் வாசலிலிருந்தே காரைக்காலுக்கு வண்டி போகிறது. மொட்டைமாடியில் நின்று இதை அவனிடம் சொன்னேன். "ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள் கடைசியாக நின்ற கரையை முதலில் பார்த்துவிட்டு வா" என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "அண்ணா, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

இல்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த வண்டி புறப்படும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, ஆவணங்களை மட்டுமே படித்திருக்கிறேன். இரண்டு சீட்டு எடுத்திருக்கிறோம்.