இறுதி இலையும் பூட்டிய ஆடுகளமும்

கல்லூரி மாணவியரின் உடல்நலம் பற்றிப் பேச எழுவார் யாவரும் இற்றை நாளில் ஒரே பாட்டையே பாடுகின்றனர். 'கூழை வெறுத்தனர், நூடுல்சை விழுங்குகின்றனர், மெலிய வேண்டிப் பட்டினி கிடக்கின்றனர், கைப்பேசியைக் கையில் ஏந்திப் படுத்தே கிடக்கின்றனர்' என்பதே அப் பாட்டு. மேடையேறும் நம் புலவருள்ளும் சிலர் அதற்குத் தலையாட்டுகின்றனர். குற்றம் முழுவதையும் பதினெட்டு அகவைப் பெண்ணொருத்தியின் தலைமேல் ஏற்றிவிட்டுப் பெற்றோரும் கல்லூரி ஆட்சியரும் குமுகாயமும் ஒதுங்கிக் கொள்ளும் இக் கயமையை மறுத்துரைத்தல் நம் கடன்.

முதற்கண் கணக்கைக் காண்போம். 2019–21-இல் எடுக்கப்பெற்ற இந்திய அரசின் 5-ஆம் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53.4 பேர் குருதிச் சோகை உடையவர், 12.6 பேர் உயரத்திற்கேற்ற எடை இல்லாதவர், 40.4 பேர் மிகு எடை கொண்டவர். இம் மிகு எடையினர் 2015–16-ஆம் ஆண்டுக் கணக்கில் 30.9 பேராகவே இருந்தனர். மெலிவும் பருமனும் ஒரே நாட்டில், ஒரே தெருவில், சிலபோது ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. பருத்த உடம்பிலும் குருதி வெளுத்தே இருக்கலாம் என்பதை நம் மக்கள் இன்னும் உணர்ந்தாரில்லை.

இவை மாணவியரை மட்டும் தனித்தெடுத்த கணக்கல்ல என்பது உண்மையே. ஆயின், அதனால்தான் நம் வழக்கு வலுப்பெறுகின்றது. கல்லூரி வாயிலை மிதித்தறியாத அன்னையரும், வயலில் நாற்று நடும் உழைப்பாட்டியரும் இக் கணக்கினுள் உளர். அவர்தம் குருதியையும் நூடுல்சா உறிஞ்சிற்று? கைப்பேசியா வெளுக்கச் செய்தது? இல்லை. நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது. அது நம் அடுக்களையிலேயே உள்ளது.

திங்கள்தோறும் குருதி இழக்கும் உடம்பு பெண்ணுடம்பு. ஆகலின் நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லி கிராம் இரும்பூட்டம் வேண்டும் எனின், பெண்ணுக்கு 29 மில்லி கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆய்வு மன்றம் 2020-இல் வரையறுத்தது. நம் வீடுகளிலோ பரிமாறும் முறை இதற்கு நேர் மாறானது. முதல் இலை தந்தைக்கு. அடுத்த இலை மகனுக்கு. இறுதி இலை தாய்க்கும் மகளுக்கும். முட்டை ஒன்றே இருப்பின் அது மகனுக்கே. மீனின் நடுத்துண்டு அவனுக்கு; குழம்பின் அடிவண்டல் இவளுக்கு. மிகுதி வேண்டுவார்க்குக் குறைவாகவும், குறைவாக வேண்டுவார்க்கு மிகுதியாகவும் இடும் இம் முறையை அறம் என்பதா, அறிவு என்பதா? பதினெட்டாண்டு இறுதி இலையில் உண்டு பழகிய பெண், விடுதிக்குச் சென்ற அன்றே தன் பசிக்கு மதிப்புக் கொடுக்கக் கற்றுக்கொள்வாளோ?

அவள் நாள் எங்ஙனம் கழிகின்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். சிற்றூரிலிருந்து வருபவள் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும்; அடுப்பு எரியுமுன்னரே வீட்டை விட்டுப் புறப்படுகின்றாள். விடுதியில் இருப்பவளோ குளியலறைக்கு வரிசையில் நிற்கின்றாள். உணவுக்கூடத்திற்குச் செல்லும்போது முதல் வகுப்பிற்கு மணி அடிக்கின்றது. ஆகக் காலை உணவு தேநீரும் இரண்டு பிசுகட்டுமாகச் சுருங்கி விடுகின்றது. அத் தேநீரின் துவர்ப்போ உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்காவாறு தடுக்கின்றது. மாலையில் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் அவள் கைக்காசுக்குக் கிடைப்பன பொரித்தனவும் வறுத்தனவுமே. வேறொன்றும் வைக்காமல் வைத்துவிட்டு, 'ஏன் இதனைத் தின்றாய்?' என வினவுதல் என்ன முறை?

மெலிவை விரும்பிப் பட்டினி கிடப்பார் இலர் என்று யாம் சொல்லவில்லை; உளர். அவ் வேட்கையை ஊட்டியவர் யார்? ஒல்லிய இடையையும் வெளிறிய தோலையுமே அழகெனக் காட்டும் திரைப்படத்தாரும், பெண் பார்க்க வந்து அவள் படிப்பைக் கேளாமல் பருமனை அளக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் அல்லரோ? கண்ணாடியை வைத்தவரை விட்டுவிட்டுப் பார்த்தவளைத் தூற்றுகின்றோம்.

இனி, உடலுழைப்புக்கு வருவோம். 18 அகவைக்கு மேற்பட்டோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமையம் ஓரளவு விரைந்த உடற்பயிற்சி செய்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. 2024-இல் வெளிவந்த ஆய்வொன்று, 2022-ஆம் ஆண்டளவில் இந்தியப் பெண்டிருள் நூற்றுக்கு 57 பேரும் ஆடவருள் 42 பேரும் இவ் வளவை எட்டவில்லை எனக் கணித்தது. இவ் வேறுபாடு பிறவிச் சோம்பலால் வந்ததோ? கல்லூரி ஆடுகளத்திற்கு மாலை ஆறு மணிக்குச் சென்று பாருங்கள். ஆடவர் இருள் கவியும்வரை பந்தாடுவர். பெண்டிர் விடுதியின் கதவோ அதற்குள் அடைபட்டிருக்கும். ஆடை மாற்ற ஓர் அறையில்லை, ஆடுகளத்தருகே கழிப்பறையில்லை, பயிற்றுவிக்கப் பெண்ணாசிரியர் இல்லை. அட்டவணையில் விளையாட்டுக்கென ஒதுக்கிய வேளையையும் தேர்வு நெருங்குங்கால் பிற பாடங்கள் விழுங்கிவிடுகின்றன. எலும்பின் திண்மை பெரும்பாலும் இருபது அகவையளவில் அமைந்து முடிகின்றது. அவ் வகவையில் அவளை நாற்காலியிலும் கட்டிலிலும் கட்டிவைத்துவிட்டு, நாற்பதில் மூட்டு வலிக்கின்றது என்று மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றோம்.

'காவல் வேண்டுமே' என்பர். தீங்கு செய்பவன் வெளியே திரிய, தீங்குக்கு அஞ்சுபவளை உள்ளே பூட்டுவது காவலாகுமோ? 2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர், இரவு 9.30 மணிக்குப் பின் விடுதியை விட்டு வெளிச்செல்லலாகாது என்னும் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினர். பெண்களை மட்டும் அடைத்து வைப்பானேன் என்று நீதிமன்றமே வினவிற்று. அவ் வினாவை நம் கல்லூரி ஆட்சியரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ளட்டும்.

'இது தமிழ் மரபன்று' என்பாரும் உளர். எது மரபு? கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் கிளி ஓட்டுகின்றனர்; அருவியில் ஆடுகின்றனர்; மலைச்சாரலில் மலர் கொய்து திரிகின்றனர். ஓரையும் ஊசலும் பந்தும் கழங்கும் நம் பழம்பெண்டிரின் ஆடல்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நாற்பண்பை ஓதி அவளை மூலையில் அமர்த்துவோர், அவள் ஓடியாடிய செய்யுள்களை மட்டும் ஏன் மறந்தனர்? 'வீட்டு வேலையே பெண்ணுக்குப் போதிய பயிற்சி' என்பார்க்கும் ஒரு விடை உண்டு. அஃது அத்துணை நல்ல பயிற்சியெனின், அதில் பாதியை மகனுக்கும் கொடுங்கள். அவன் உடம்பும் நலம் பெறட்டும்.

வாய்ப்புப் பெற்ற பெண் என்ன ஆவாள் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டா. பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பெற்று, தொடக்கத்தில் வெறுங்காலொடு ஓடிய மதுரை இரேவதி வீரமணி, 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கு ஆடுகளத்தில் ஓடினார். அதே போட்டியில் சென்னைப் பவானி தேவி, ஒலிம்பிக்கில் வாட்போர் புரிந்த முதல் இந்தியர் என்னும் பெயர் பெற்றார்.

ஆகலின் யாம் கேட்பன இவை. மாணவியர் பயிலும் ஒவ்வொரு கல்லூரியிலும், விடியலில் உண்ணாது வருவார்க்கு முதல் வகுப்பிற்கு முன் காலை உணவு வழங்குக. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2022-இல் காலை உணவு தொடங்கிய தமிழக அரசுக்கு இஃது இயலாததன்று. விடுதி உணவில் கீரையும் பயறும் முட்டையும், கூடவே நெல்லியோ எலுமிச்சையோ இடம்பெறுக. அவற்றின் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ண ஊட்டம் உண்டு. பாலினும் அஃது இருமடங்குக்கு மேல். அதன் பெருமையை மேடையில் முழங்குவது போதும். விடுதி அடுப்பில் ஏற்றுக. ஆடுகளம் ஆடவர்க்குத் திறந்திருக்கும் வேளையெல்லாம் பெண்டிர்க்கும் விளக்கொளியொடு திறந்திருக்கட்டும். கிழமைக்கு மூன்று வேளையேனும் எப் பாடமும் பறிக்கலாகாத விளையாட்டு வேளையாகட்டும்.

பெற்றோர்க்கோ அரசாணை வேண்டா, இன்றிரவே தொடங்கலாம். எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்ணுங்கள். முட்டை ஒன்றே இருப்பின் பகுத்திடுங்கள்.

மகளிர்க்கும் ஒரு சொல். உங்கள் பசி குற்றமன்று. அதனை மறைக்க வேண்டா. வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரம் வகுத்தது உணவை அளந்தறிந்து உண்ணற்கே; உண்ணாது கிடத்தற்கன்று. வயிறார உண்ணுங்கள், கால் வலிக்க ஓடுங்கள். கதவு பூட்டியிருப்பின், ஒருத்தியாய் நின்று அழாமல், நூற்றுவராய்ச் சென்று திறவுகோலைக் கேளுங்கள்!