வெள்ளைப் பிராணியின் உடன்படிக்கை

என் பேத்தியின் மேசைமீது ஒரு வெள்ளைப் பொம்மை இருக்கின்றது. அதனைப் பூனை என்று சொல்லலாம். முயல் என்றாலும் பெரிய பிழையில்லை. காதுகளுக்குள்ளிருந்து இரண்டு நீண்ட தொங்கல்கள் இறங்க, அவற்றைச் சுற்றிப் பொன் வளையங்கள் நிற்கின்றன. சிவந்த வட்டக் கண்கள், சிறிய வாய், புசுபுசுத்த வால். கையில் எடுத்தவர் கீழே வைக்க மனங்கொள்ளார். "வடிவான பிராணி" என்றேன். பிள்ளை சிரித்தாள். "அம்மப்பா, இதாலை எத்தனை பெட்டையள் செத்துப்போனவை எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வியின் பயனாக, எழுபதைக் கடந்த நான் மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு, 'மஹோ ஷோஜோ மடோக்கா மாகிக்கா' என்னும் யப்பானியச் சித்திரத் தொடரின் பன்னிரண்டு அங்கங்களையும் பார்த்து முடித்தேன். பொம்மையின் பெயர் கியூபே. அதைப்பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பேத்தியின் அபிப்பிராயமன்று. இத்தொடரைக் கொண்டாடுவோர் பலரின் அபிப்பிராயமும் அன்று.

2011ஆம் ஆண்டு சனவரியில் யப்பானியத் தொலைக்காட்சியிலே தொடங்கிய தொடர் இது. கதையை எழுதியவர் கென் உரோபுச்சி. நெறிப்படுத்தியவர் அக்கியுக்கி ஷின்போ. அவ்வாண்டு மார்ச் 11ஆந் திகதி நிகழ்ந்த பெரும் பூகம்பத்தின் காரணமாக இறுதி அங்கங்கள் பிற்போடப்பட்டு, ஏப்பிரலிலேயே காட்டப்பட்டன. மந்திர சக்தி பெற்ற சிறுமியரின் கதைகள் யப்பானில் 1966ஆம் ஆண்டின் 'சாலி' தொட்டு வழங்கி வருபவை. அவ்வகைக் கதைகளிற் பேசும் பிராணியொன்று துணையாக வருவதும் பழகிப்போன வழக்கம். 1992இல் வெளிவந்த 'செய்லர் மூன்' தொடரில் ஒரு கரும்பூனை வரும். அது நல்ல பூனை. இந்த வழக்கத்தை நம்பியே கியூபே கதைக்குள் நுழைகின்றது. ஒன்றை இடையிற் சொல்லிவிடுகின்றேன்: படத்தின் வண்ணங்களைக் கண்டு இது சிறு பிள்ளைகளுக்கானது என எண்ணிப் பெற்றோர் ஏமாறலாகாது. நள்ளிரவு வேளையில் ஒளிபரப்பான தொடர் இது. பிராணி எவ்வாறோ, படமும் அவ்வாறே.

முதல் அங்கத்திலே, காயமுற்ற கியூபே உதவி கேட்டு மடோக்கா என்னும் சிறுமியின் மனத்துக்குள் அழைக்கின்றது. அதனைக் கொல்லத் துரத்தி வருகிறாள் ஹோமுரா என்ற இன்னொரு சிறுமி. பார்ப்பவர் எந்தப் பக்கம் நிற்பார்? நானும் வெள்ளைப் பிராணியின் பக்கமே நின்றேன். இரக்கமற்ற இந்தக் கறுத்தக் கூந்தற்காரி யார் என்று சினமும் கொண்டேன். அவள் செய்தது சரியென்று பத்தாவது அங்கத்திற்றான் முழுமையாக விளங்கியது.

கியூபே சிறுமியர் முன் வைப்பது ஓர் உடன்படிக்கை. அவர்கள் விரும்பும் ஏதேனும் ஒன்றை அது நிறைவேற்றும். பதிலுக்கு அவர்கள் மந்திரச் சிறுமியராகிச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும். கேட்பதற்கு நியாயமான பேரம். சயாக்கா என்பவள், தான் நேசித்த வயலின் வாத்தியக்காரப் பையனின் செயலிழந்த கை குணமாக வேண்டுமென்று கேட்டாள், கை குணமாயிற்று. சொல்லப்படாதது பின்னரே வெளிவருகின்றது. உடன்படிக்கை செய்த கணத்தில் சிறுமியின் ஆன்மா உடலிலிருந்து பிரிக்கப்பட்டு ஒரு சிறு மணிக்கல்லாக மாற்றப்படுகின்றது. கல்லை விட்டு நூறு மீற்றர் விலகினால் உடல் வெறும் பிணம். அந்தக் கல் துயரத்தாற் கறுத்து நிறைந்தால், சிறுமியே சூனியக்காரி ஆகின்றாள். இதுவரை அவர்கள் வெட்டி வீழ்த்திய சூனியக்காரிகள், முன்னர் உடன்படிக்கை செய்த சிறுமியரேயாவர்.

இத்தனையும் எதற்காக? கியூபே வேற்றுலகப் பிராணி. அதன் இனத்தவர் தம்மை அழைப்பது 'இன்கியூபேற்றர்' என்று, அதாவது அடைகாக்கும் பொறி. பிரபஞ்சத்திற் பயன்படத்தக்க சக்தி நாளுக்கு நாள் குறைந்து வருகின்றதென்பது வெப்பவியலின் இரண்டாம் விதி. அதன் அளவையாகிய 'என்றொப்பி' என்ற சொல்லை 1865இல் வழங்கியவர் கிளவுசியஸ் என்ற ஜேர்மானியர். இந்தத் தேய்வை ஈடுசெய்யச் சக்தி தேடிய வேற்றுலகத்தார், நம்பிக்கையின் உச்சியிலிருந்து நிராசையின் பாதாளத்துக்குச் சிறுமியரின் மனம் வீழும்போது அளவற்ற சக்தி பிறக்கின்றதெனக் கண்டனர். அவர்களுக்கோ உணர்ச்சி என்பதில்லை. கியூபேயின் முகத்தைக் கவனியுங்கள்: பேசும்போதும் வாய் அசைவதில்லை.

இனிச் சர்ச்சைக்கு வருவோம். "அது ஒருநாளும் பொய் சொல்லேல்லை, அம்மப்பா. ஒருத்தரும் கேக்கேல்லை, அது சொல்லேல்லை. உணர்ச்சி இல்லாததைக் கெட்டது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்பது பேத்தியின் வாதம். சாமானியமான வாதமன்று.

நான் நாற்பது வருடத்துக்கு மேலாக நொத்தாரிசாக இருந்தவன். உறுதி எழுதுவதே என் தொழில். வாசிக்கத் தெரியாத ஒருவர் ஒப்பமிட வந்தால், உறுதியை வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே ஒப்பம் பெறவேண்டுமென்பது எமக்கு விதி. வாசித்தல் வேறு, விளங்கப்படுத்தல் வேறு என்பதைச் சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். பராயமடையாதவர் தனித்துச் செய்யும் உடன்படிக்கை அவரைக் கட்டுப்படுத்தாதென்பதும் எம் நாட்டிலே பழைய கோட்பாடு. மடோக்காவுக்கு வயது 14. எந்தக் கந்தோரிலும் அவளிடம் ஒப்பம் வாங்கமாட்டார்கள்.

பொய் சொல்லவில்லை என்பதையுந்தான் பார்ப்போமே. சயாக்கா சூனியக்காரியாகிய பின்னர், அவளை மீட்க முடியுமா என்று கியோக்கோ என்ற சிறுமி கியூபேயிடம் கேட்கிறாள். இங்கே கேள்வி கேட்கப்பட்டுவிட்டது! முன்னுதாரணம் தான் அறிந்ததில்லை, ஆயினும் மந்திரச் சிறுமியர் நியாயங்களைக் கடந்தவர்கள், நீ செய்துகாட்டினால் ஆச்சரியப்படமாட்டேன் என்ற கருத்திற் பதில் வருகின்றது. அவள் நம்பிச் சென்றாள், மாண்டாள். பின்னர் ஹோமுரா கேட்டபோது, அது முடியாத காரியமே என்று அந்தப் பிராணி அமைதியாக ஒப்புக்கொள்கின்றது. கியோக்கோ இறந்தால் போரிட ஹோமுரா ஒருத்தியே எஞ்சுவாள். மடோக்கா உடன்படிக்கை செய்தே ஆகவேண்டிவரும். அதுவே கணக்கு. எதனைச் சொன்னால் சிறுமி போவாள், எதனைச் சொன்னால் நிற்பாள் என்று துல்லியமாக அறிந்த ஒன்றை, உணர்ச்சி அறியாதது என்று மன்னிக்க என்னால் இயலாது. துயரம் அதற்கு வருவதில்லை என்பது உண்மையாகலாம். துயரம் எங்கே விளைகின்றதென்று அதற்குத் தெரியும்.

இன்னொரு வாதத்துக்கு என்னிடம் இவ்வளவு சுலபமான மறுமொழி இல்லை. பதினோராம் அங்கத்திலே கியூபே, மனிதர் தாம் உண்பதற்கென வளர்க்கும் மிருகங்களைக் குறிப்பிட்டு, அவற்றோடு நீங்கள் நடந்துகொள்வதைவிட நாங்கள் உங்களோடு மேலாகவே நடந்திருக்கிறோம் என்று கூறுகின்றது. அன்று எங்கள் வீட்டிற் கோழிக்கறி. நானும் பேத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கோழி காரணமன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு கிழவி தன் ஒரே வீட்டை மகனுக்கு நன்கொடை உறுதி எழுத வந்தாள். மகனே அழைத்து வந்தான். கூலியும் அவனே தந்தான். உறுதியை முழுவதும் வாசித்தேன். உறுதித் தமிழ் எப்படிப்பட்டதென்பது வாசகர் அறிந்ததே. கிழவி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தாய்க்குச் சீவிய உருத்து ஒதுக்கப்படவில்லை. "ஆச்சி, நாளைக்கு இவன் போ எண்டால் நீங்கள் போகத்தான் வேணும்" என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பெருவிரல் அடையாளத்தை வாங்கிக்கொண்டு, வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று அத்தாட்சியும் எழுதினேன். இரண்டு வருடத்தின் பின் அவளை ஒரு கோயில் மடத்திலே கண்டேன். அவள் என்னை அடையாளம் காணவில்லை என்றே இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கின்றேன்.

பேத்திக்கு இதனை நான் சொல்லவில்லை. அவள் பத்திரிகை வாசிப்பவள், இப்போது அறிந்துகொள்வாள்.

முடிவை மட்டும் ஒரு தொழிலாளியின் கண்கொண்டு பாராட்ட விரும்புகின்றேன். மடோக்கா ஈற்றில் உடன்படிக்கை செய்கின்றாள்தான். ஆனால், கேட்கவேண்டியவற்றையெல்லாம் கேட்டு, சொல்லப்படாதவை யாவும் வெளிவந்த பின்னரே செய்கின்றாள். அவளுடைய விருப்பம் யாதெனில், எல்லாச் சூனியக்காரிகளையும், அவர்கள் பிறப்பதற்கு முன்னரே, சென்ற காலத்திலும் வருங் காலத்திலும், எல்லாப் பிரபஞ்சங்களிலும், தன் கையாலேயே இல்லாதொழிப்பது. எதிர்த் தரப்பு நுழைந்து தப்புவதற்கு அதிலே ஒரு சந்துமில்லை. கேட்டதை நிறைவேற்றுவதாக வாக்களித்த வெள்ளைப் பிராணி, தன் வாக்காலேயே கட்டுண்டு நிற்கின்றது. எத்தனையோ உறுதிகளை வரைந்தவன் நான். அந்த வாசகத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தியிருக்கமாட்டேன்.