திரை காட்டட்டும், நாம் பேசுவோம்



செயல்திட்டம் ஒன்றை வகுப்பில் விளக்குமாறு ஆசிரியர் பணித்தால், இன்று நீங்கள் முதலில் நாடுவது கணினியையே. ஸ்லைடு என்று நீங்கள் அழைப்பதைத் தமிழில் படவில்லை என்பர். அதனை வண்ணத்தால் அழகுபடுத்த உங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், எங்கிருந்தோ எடுத்த பத்தியை வில்லையில் ஒட்டிவைத்து, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று படித்து முடிப்பது விளக்கம் ஆகாது. வில்லையின் பணி காட்டுவது. விளக்குவது உங்கள் பணி. இதுவே என் கருத்து.

எழுத்து மிகுந்தால் செய்தி மறையும். இதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. தீங்கு நேருமா என ஆராய்ந்த பொறியாளர்கள் தம் முடிவுகளைப் படவில்லைகளாக அளித்தனர். முன்பு சோதனையில் பயன்பட்ட துண்டைவிட, இந்தத் துண்டு ஏறத்தாழ 640 மடங்கு பெரியது. அதனை உணர்த்தும் எண்கள் ஒரு வில்லையின் அடியில், சிறிய எழுத்தில் கிடந்தன. மேலிருந்த தலைப்போ ஆறுதல் அளிப்பதாக இருந்தது. பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். வில்லையே விபத்துக்குக் காரணம் என்று கூற இயலாது. எனினும், விரிவான அறிக்கைக்கு மாற்றாகப் படவில்லைகளைக் கொண்டதை விசாரணைக் குழு குறைகூறியது.

இனி நம் பகுதிக்கு வருவோம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் உங்களுக்குப் பாலராமபுரம் கைத்தறி அயலது அன்று. அதுவே உங்கள் தலைப்பு என்று கொள்வோம். வரலாறு, தறி, நூல், விலை அனைத்தையும் ஒரே வில்லையில் அடைத்தால் எதுவும் மனத்தில் நில்லாது. முதல் வில்லையில் குழித்தறியின் படமும் அதன் பெயரும் போதும். அடுத்ததில் ஒரு நிலப்படம். தென்தமிழகத்திலிருந்து பாலராமபுரம் வரை ஓர் அம்புக்குறி. மூன்றாவதில் கசவுக்கரையின் அண்மைப் படம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன், தமிழ் பேசும் நெசவாளர் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறியதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த கதையையும் அதனோடு சேர்க்கலாம். அதனை எந்த இணையப்பக்கமும் தராது.

எழுத்துக் குறைந்தால் உழைப்பும் குறைவு என்று கருதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களே என நீங்கள் ஐயுறலாம். பத்துப் பக்கம் படித்தவரே மூன்று சொற்களைத் தேர்ந்தெடுக்க வல்லவர். பிறர் கேட்கும் வினாக்களுக்கு நீங்கள் கூறும் விடை அந்த உழைப்பை வெளிப்படுத்தும். தமிழில் தங்குதடையின்றிப் பேச வராது என்று சிலர் அஞ்சுவதும் உண்டு. வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் நாள்தோறும் பேசும் மொழிதானே அது? பிறர் எழுதிய பத்தியை எழுத்துக்கூட்டிப் படிப்பதைவிட, அறிந்ததை எளிய தமிழில் சொல்வது மேல். நினைவூட்டும் குறிப்புகள் கையிலுள்ள சிறு தாளில் இருக்கட்டும்.

சில நடைமுறைகளையும் கைக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவரும் படிக்குமளவு எழுத்துப் பெரிதாக இருத்தல் வேண்டும். வெளிர்நிறப் பின்னணியில் அடர்நிற எழுத்து தெளிவாகத் தெரியும். தமிழை ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யுங்கள். இல்லையேல் பள்ளிக் கணினியில் எழுத்துகள் உருமாறக்கூடும். பேசும்போது திரையை அன்று, தோழர்களின் முகத்தைப் பாருங்கள்.

முதல்நாள் வீட்டில் ஒருமுறை, கணினியை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். படங்கள் இல்லாமலும் உங்கள் தம்பி தங்கைக்குப் பொருள் விளங்கினால், நீங்கள் வகுப்பின் முன் நிற்க ஆயத்தமாகிவிட்டீர்கள்.