டிராக்டரைப் பிரிக்கும் முன் தாங்கலைத் தேடுங்கள்

ஆனைமலை வட்டாரத்தில் ஆழியாற்றுப் பாசன வயல்களின் சேற்றுழவு முடிந்து, தென்னந்தோப்பு வேலைகள் தொடங்கும் நாட்களில், டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கிளட்ச் பிடிக்கவில்லை. வண்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பொள்ளாச்சிக்குக் கட்டி இழுத்துப் போவதா, தோட்டத்துக் களத்திலேயே பிரித்துக் கொள்வதா?” என்பதே அது.

பட்டறைக்காரர்கள் களத்தில் தொடவே கூடாது என்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, நான்கு ஆள் இருந்தால் ஒரு பகலில் முடியும் வேலை என்பார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. வண்டியின் இரு பாதிகளையும் தனித்தனியே தாங்கி நிறுத்த முறையான ஏற்பாடு இருந்தால் களத்திலேயே பிரிக்கலாம். அந்த ஏற்பாடு இல்லையென்றால், செலவு கூடினாலும் பட்டறைக்கே கொண்டு போக வேண்டும். இதுவே என் கருத்து.

லாரிக்கும் டிராக்டருக்கும் உள்ள வேறுபாடு

லாரிக்குச் சட்டம் உண்டு. கியர் பெட்டியைக் கழற்றி இறக்கினாலும் சட்டமும் நான்கு பக்கச் சக்கரங்களும் வண்டியைத் தாங்கி நிற்கும். நாம் பயன்படுத்தும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு அப்படி முழு நீளச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் அச்சு ஆகிய வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றோடொன்று போல்ட்டால் இணைத்து, அவற்றையே முதுகெலும்பாக வைத்திருக்கிறார்கள். 1917-ல் வெளிவந்த போர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பை உலகெங்கும் பரப்பியது. விலையும் எடையும் குறைந்ததால் மற்றவர்களும் இதையே பின்பற்றினார்கள்.

ஆகவே கிளட்ச் தட்டு மாற்றுவது என்றாலே வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிப்பதுதான். 35 முதல் 45 குதிரைத் திறன் கொண்ட டிராக்டர் ஏறத்தாழ இரண்டு டன் எடை உள்ளது. பிரித்தவுடன் முன்பாதி இரண்டு சக்கரத்திலும் பின்பாதி இரண்டு சக்கரத்திலும் நிற்கும். இரண்டின் உள்முனைகளும் கீழே சாயப் பார்க்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மேடு பள்ளத்தில் ஆடிச் செல்வதற்காக முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் தொங்குகிறது. பின்பாதியின் பிடி விட்டுப்போனால், எஞ்சின் அந்தப் பின்னைச் சுற்றி பக்கவாட்டில் புரண்டுவிடும். விபத்து நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பிரிக்கத்தான் வேண்டுமா?

முதலில் இதை உறுதி செய்து கொள்ளுங்கள். கிளட்ச் மிதியில் கையேட்டில் கண்ட அளவுக்குத் தளர்ச்சி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தளர்ச்சி இல்லாமல் போனாலும், ஓட்டுநர் எப்போதும் மிதியின் மேல் கால் வைத்திருந்தாலும் கிளட்ச் வழுக்கும். தட்டு முழுவதும் தேய்வதற்கு முன் கண்டுகொண்டால், மிதியின் இணைப்புக் கம்பியைச் சரி செய்வதோடு வேலை முடிந்துவிடும்.

பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதில் எண்ணெய் கசிந்தால் தட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கறுத்து நீர்த்த எண்ணெய் எஞ்சின் பக்கத்து சீலிலிருந்தும், கெட்டியான எண்ணெய் கியர் பெட்டிப் பக்கத்து சீலிலிருந்தும் வரும். சேறு கலந்த நீர் வந்தால், சேற்றுழவின்போது உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அந்தத் துளையை அடைத்து வைக்காமல் சுத்தமாக வைத்திருப்பது நல்லது. சேற்று வயலில் மட்டும், கையேடு சொன்னால், அடைப்பானைப் போட்டு ஓட்டிவிட்டு வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

தாங்கலே முதல் வேலை

பிரித்தே ஆக வேண்டுமென்றால் இடத்திலிருந்து தொடங்குங்கள். சமதளமான சிமெண்ட் களம் வேண்டும். மண் தரையிலும் தென்னை மட்டை பரப்பிய இடத்திலும் ஜாக்கி புதையும், சாயும். டிரெய்லர், கலப்பை, ரோட்டாவேட்டர் ஆகியவற்றையும், முன்புறம் எடைக்கட்டி இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கையும் போட வேண்டும்.

அடுத்து, முன் அச்சுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் நடுவே இடப்புறமும் வலப்புறமும் கெட்டியான மர ஆப்புகளை அடித்து இறுக்க வேண்டும்; எஞ்சின் பக்கவாட்டில் ஆடாமல் நிற்கச் செய்வது இவைதான். ஐந்து நிமிட வேலை. செலவு ஒன்றும் இல்லை. ஆனால் களத்தில் செய்யும்போது அதிகம் விட்டுப்போவதும் இதுதான்.

கிளட்ச் கூட்டின் இணைப்புக்கு முன்னால் எஞ்சினின் கெட்டியான வார்ப்புப் பகுதிக்குக் கீழ் ஒரு தாங்கலும், பின்னால் கியர் பெட்டிக்குக் கீழ் ஒரு தாங்கலும் தேவை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. உள்ளே இருக்கும் வாஷர் கசிந்தால் அது தானாக இறங்கிவிடும். தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டின் மேலோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கெட்டி மரக்கட்டைகளின் மேலோ எடையை இறக்கி வையுங்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். நம் தோப்பில் எளிதாகக் கிடைக்கும் தென்னந்துண்டு உருளும். அதன் வெளிப்பகுதி கெட்டியாக இருந்தாலும் நடுப்பகுதி மென்மையானது. மாமரக் கிளையிலோ சாளையின் விட்டத்திலோ செயின் பிளாக்கைக் கட்டித் தொங்கவிடுவதும் கூடாது. செயின் பிளாக்கில் 2 டன் என்று எழுதியிருக்கலாம். அதைத் தாங்கும் விட்டத்தின் பலத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிரிப்பதும் சேர்ப்பதும்

பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். டீசல் குழாயை மூடிய பிறகே இணைப்புகளைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் தேங்காய் மட்டையும் நாரும் குவிந்திருந்தால் அப்புறப்படுத்துங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒயர், குழாய், ஸ்டீயரிங் கம்பி ஒவ்வொன்றிலும் அடையாளத் துணி கட்டி வையுங்கள். ஏதேனும் ஒன்று கழற்றாமல் விடுபட்டிருந்தால், வண்டி பிரியும்போது அது அறுந்து போகும்.

ஒரு பாதி அசையாமல் நிற்க, மற்ற பாதி மட்டுமே சக்கரம் வைத்த தாங்கியில் நேராக நகர வேண்டும். கியர் பெட்டியின் ஷாப்ட் கிளட்ச்சை விட்டு முழுவதும் வெளியே வரும்வரை எடை அதன் மேல் தொங்கக் கூடாது. வேலையில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். ‘தள்ளு’, ‘நிறுத்து’ என்று சொல்வது ஒருவராகவே இருக்க வேண்டும். இரு பாதிகளுக்கும் நடுவே, நிலையான ஸ்டாண்ட் வைக்கும் முன் யாரும் புகக்கூடாது. குழந்தைகளைக் களத்தின் பக்கமே விடாதீர்கள்.

கிளட்ச் கூட்டில் படிந்த தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்; அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வண்டியைப் பிரித்துவிட்ட பிறகு தட்டை மட்டும் மாற்றி மூடுவது சிக்கனம் ஆகாது. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இருபுற எண்ணெய் சீல் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

சேர்க்கும்போது அவசரம் காட்டுவது பெருந்தவறு. தட்டை மையக் கம்பியால் நடுவில் நிறுத்தியே இறுக்க வேண்டும். ஷாப்டின் பற்கள் இசையாவிட்டால் பிளைவீலை மெல்லத் திருப்பினால் உள்ளே போகும். இரு கூடுகளின் முகங்களும் தள்ளுதலிலேயே ஒட்டிச் சேர்ந்த பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் புதுத் தட்டின் நடுப்பகுதி வளையும். வார்ப்பிரும்புக் காது உடையும். துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது விரலை இழக்கும் வழி. அதற்குத் தலை வெட்டிய நீளமான போல்ட் இரண்டை வழிகாட்டியாகத் திருகி வைத்துக் கொள்ளலாம்.

இவ்வளவும் கிளட்ச் வேலைக்கு மட்டுமே. கியர் பெட்டியையே தனியாக எடுப்பதென்றால் பின் அச்சுக் கூட்டிலிருந்தும் அதைப் பிரிக்க வேண்டும். தாங்கல்கள் கூடும், உள்ளே பேரிங் இடைவெளிகளைக் கருவி வைத்து அளக்க வேண்டும். அது களத்து வேலையன்று.

ஊருக்கு ஒரு தாங்கி

மாட்டுவண்டிக் காலத்தில் நுகத்தடியையும் மேழியையும் நாமே மாற்றிக் கொண்டோம். அவை இரண்டு பேர் தூக்கும் எடைதான். டிராக்டர் வந்தபோது எடை மாறியது. தூக்கும் சாதனம் மட்டும் ஊருக்கு வந்து சேரவில்லை. வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான மத்திய அரசின் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியபின் உழவர் குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இயந்திர வாடகை மையம் அமைக்க மானியம் கிடைத்தது. அத்தகைய மையங்கள் ரோட்டாவேட்டரை வாடகைக்கு விடுவதுபோல், டிராக்டரைப் பிரிக்கும் சக்கரத் தாங்கி ஒரு ஜோடி, நான்கு இரும்பு ஸ்டாண்ட், அளவாய் முறுக்கும் ஸ்பேனர் ஒன்று ஆகியவற்றையும் வைத்திருக்க வேண்டும். ஒரு சிறு விவசாயி ஆயுளில் இரண்டு மூன்று முறை பயன்படுத்தும் சாதனத்தை ஒவ்வொருவரும் வாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

கற்றுக் கொள்ளவும் வழி உண்டு. தென் மாநில விவசாயிகளுக்காக அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இயங்குகிறது. ஊருக்கு ஓர் இளைஞர் இத்தகைய பயிற்சி பெற்று வந்தால் அந்த ஊர் முழுவதற்கும் பயன்.

அதுவரை, கிளட்ச் வழுக்கியவுடன் ஸ்பேனரைத் தேடாதீர்கள். இரண்டு ஆப்பும் இரண்டு நல்ல ஸ்டாண்டும் கைவசம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். இழுவைக் கூலியை அடுத்த போகத்தில் சம்பாதித்துக் கொள்ளலாம்.