உண்டியல் சாவி நம்மிடம், அகப்பக்கச் சாவி யாரிடம்?



பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு அப்புறம் எங்களைத் திட்டுங்க, வாங்கிக்கிறோம்.

நம் ஆலயத்துக்குப் புது அகப்பக்கம் செய்ய மூன்று குவோட்டேஷன் வந்திருக்கு. ஒன்று 1,500 வெள்ளி, ஒன்று 4,800 வெள்ளி, இன்னொன்று 9,000 வெள்ளி. வர்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு. ஆனா புலனக் குழுவில் இப்பவே தீர்ப்பு எழுதியாச்சு: "1,500 காரருக்கே கொடுங்க. நம்ம ஆளு. சாமி காரியத்துல போய் கேள்வி கேட்காதீங்க." கேள்வி கேட்ட தொண்டர்களுக்கு, குறை சொல்றதே பொழைப்புன்னு பட்டம் வேற.

போன வருஷம் நடந்தது அதுக்குள்ள மறந்து போச்சா?

பழைய அகப்பக்கத்தைச் செய்து கொடுத்தவரும் "நம்ம ஆளு"தான். காசு வாங்காம, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து உட்கார்ந்து செய்த தம்பி. ஆடித் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜொகூரிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, பூஜை நேரம் பார்க்கலாம்னு பேரன் திறந்தான், சீட்டுக்கட்டும் சூதாட்டமும் வருது. இது அம்மன் கோயில்தானா?" என்ன பதில் சொல்றது? அதே முகவரியை 1,500 அழைப்பிதழ்ல அச்சடிச்சு வச்சிருந்தோம். இரண்டு ராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து, மார்க்கர் பேனாவால ஒவ்வொரு அழைப்பிதழா அழிச்சோம். "கேள்வி கேட்காதீங்க"ன்னு இப்போ சொல்றவங்களில் எத்தனை பேர் அன்னிக்குப் பேனா பிடிச்சீங்க?

நடந்தது இதுதான். அகப்பக்க முகவரி, அதாவது டொமேன், நிலம் மாதிரி ஒரே தடவை வாங்கிப் போடுற சொத்து இல்ல. வாடகை மாதிரி. காலம் முடியறதுக்குள்ள புதுப்பிக்கணும். நம் முகவரி ஆலயத்தின் பேர்ல இல்ல, அந்தத் தம்பி பேர்ல இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போச்சு. அவர் வேலைக்கு சிங்கப்பூர் போய், நம்பரும் மாறிட்டார். டாட் காம் முகவரி காலாவதியானாலும் உடனே கைவிட்டுப் போகாது. கொஞ்ச நாள் தவணை இருக்கும். அதையும் விட்டு நீக்கிட்டாங்கன்னா, கூடுதல் பணம் கட்டி மீட்க இன்னும் 30 நாள் உண்டு. நமக்குத்தான் எதுவுமே தெரியாதே! அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஆள் வந்து பழகின முகவரிக்காகவே சூதாட்டக் கும்பல் காத்துக்கிட்டு இருக்கு. எடுத்துக்கிட்டாங்க.

அந்தத் தம்பியை நாங்க குறை சொல்லல. எழுதி வாங்காதது நம்ம தப்பு.

இப்போ ஒரு கேள்வி. நம் உண்டியலை ஒருத்தர் தனியா திறக்க விடுறோமா? இரண்டு பூட்டு, இரண்டு சாவி, எண்ணும்போது செயலாளர், பொருளாளர், பொதுமக்கள் சிலர், கடைசியில கையெழுத்து. அதனால அவங்க யாரையும் நாம திருடன்னு சொல்றதா அர்த்தமா? இல்லையே. பொதுச் சொத்துக்கு அதுதான் முறை. அம்மன் நகைப்பெட்டிக்கும் அதே முறை. அப்புறம் உலகம் முழுக்க ஆலயத்தின் பேரைச் சுமக்கிற முகவரியை மட்டும் ஒருத்தர் சட்டைப்பையில போட்டு அனுப்புறது என்ன நியாயம்?

விலைக்கு வருவோம். எங்களில் பலர் முப்பது வருஷமா தொழிற்சாலையில மெஷினோடு மல்லுக்கட்டுறவங்க. மெஷின் வாங்கும்போது நாங்க முதல்ல விலையைக் கேட்க மாட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு நின்னு போச்சுன்னா யார் வருவாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா, மேனுவல் நம்ம கைக்கு வருமான்னுதான் கேட்போம். அகப்பக்கமும் அப்படித்தான். இந்த மூன்று பேருமே வேர்ட்பிரஸ்லதான் செய்யறதா எழுதியிருக்காங்க. அந்த மென்பொருள் 2003லிருந்து இலவசம். நாம கொடுக்கிற காசு வேலைக்கும், பின்னாடி பார்த்துக்கிறதுக்கும்தான்.

1,500 காரர் தாளில் பின்னாடி பார்த்துக்கிறது பற்றி ஒரு வரி கூட இல்ல. சும்மா விட்டு வச்ச வேர்ட்பிரஸ்ஸும் அதன் துணை மென்பொருளும்தான் திருடன் நுழையிற ஜன்னல். 9,000 காரர் பெரிய கம்பெனி, தாள் பளபளன்னு இருக்கு. ஆனா மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்துல, அகப்பக்கம் கம்பெனியின் உடைமைன்னு போட்டிருக்கு. வருஷக் கட்டணம் நின்னா பக்கமும் போயிடும். 4,800 காரர் முகவரியை ஆலயத்தின் பேர்லயே எடுத்துத் தர்றேன்னு எழுதியிருக்கார், தமிழ் பற்றிப் பேச்சே இல்ல. ஆக, விலை குறைவுன்னும் நம்பாதீங்க, விலை அதிகம்னும் நம்பாதீங்க. நாங்க எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்க வரல. கீழே உள்ளதுக்குக் கையெழுத்துப் போடுறவர் யாரோ, அவருக்கே கொடுங்க.

1. முகவரியும், பக்கம் தங்கியிருக்கிற ஹோஸ்டிங் கணக்கும் ஆலயத்தின் பேரில். மின்னஞ்சல் ஆலய அலுவலகத்துடையது, தனி ஆளுடையது இல்ல. பாஸ்வேர்ட் செயலாளர், பொருளாளர் இருவரிடமும். நிர்வாகம் மாறும்போது கோயில் சாவியோடு சேர்த்து இதையும் எழுதி ஒப்படைக்கணும்.

2. உபயம், நன்கொடைப் பணம் நேரா ஆலய வங்கிக் கணக்குக்கு வரணும். டுவிட்நவ் கியூஆர் ஸ்கேன் பண்ணா ஆலயத்தின் பேர் தெரியணும். ஆன்லைன் கட்டணத்துக்கான வணிகக் கணக்கும் ஆலயத்தின் பேர்லயே. "எங்க கணக்குக்கு வந்து மாசக் கடைசியில அனுப்புறோம்"னு சொன்னா அப்பவே கதவைக் காட்டுங்க.

3. தமிழ் யூனிகோடில் இருக்கணும். படமா ஒட்டின தமிழையும் பழைய எழுத்துருவில் அடிச்ச தமிழையும் கூகுள்ல தேடிப் பிடிக்க முடியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா நிற்கிற தமிழை எத்தனை ஆலயப் பக்கத்தில் பார்த்திருக்கோம்! முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. 2001ல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நம்ம ஊர்லயே இப்படி இருந்தா யார்கிட்ட சொல்லி அழறது?

4. மாசம் ஒரு முறை முழுப் பிரதி ஆலயத்திடம். பூஜை நேரம், திருவிழா நாள் மாற்ற நம் ஆட்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி. ஒரு வரி மாற்ற கம்பெனிக்கு 80 வெள்ளி கட்டுற நிலைமை வேண்டாம்.

5. பணம் தவணையா. முன்பணம் கொஞ்சம், பாதி வேலையில கொஞ்சம், எல்லா பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகே மிச்சம். அவங்க முன்னாடி செய்த பக்கங்களில் மூன்று வருஷம் ஆனதைத் திறந்து பாருங்க. புதுசு எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

"முகநூல் போதுமே, அகப்பக்கம் எதுக்கு?"ன்னு சிலர் கேட்கிறீங்க. நம் முகநூல் பக்கத்துக்கு அட்மின் எத்தனை பேர்? ஒருத்தர். அவர் கணக்கு நாளைக்கு முடங்கினா பக்கமும் முடங்கும். அதையும் ஞாயிற்றுக்கிழமையே சரி பண்ணணும்.

"சாமி காரியத்துல சந்தேகப்படாதே"ன்னு சொல்றவங்களுக்கு: நாங்க சாமியைச் சந்தேகப்படல. காப்பி டின்னில் அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளியா சேர்த்து உபயம் கட்டுற பாட்டியை நினைச்சுப் பார்க்கிறோம். அவங்க பணத்துக்குக் கணக்கு கேட்க நமக்கு வெட்கம் எதுக்கு?

மற்ற ஆலயத்து அன்பர்களே, உங்க செயலாளரிடம் இன்னிக்கே இரண்டு விஷயம் கேளுங்க: டொமேன் யார் பேரில் இருக்கு, எந்தத் தேதியில் காலாவதி ஆகுது? உடனே பதில் வரலைன்னா, நம்ம கதைதான் உங்களுக்கும்.

நம் ஆலய பக்தர்களே, ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் கூட்டம். குவோட்டேஷன் மூன்றையும் பிரதி எடுத்து மேசை மேல வைக்கிறோம். ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க யூனிபார்மோடயே வாங்க, பரவாயில்ல. பசியாறல் இருக்கு. படிச்சுப் பார்த்துட்டு கை தூக்குங்க.

ஆலயத் தொண்டர்கள்