பின் ஸீட்டுக்காரி கேட்க வேண்டிய கேள்விகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கும் பையனைப் போல் மும்முரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைத்த காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"என்ன அத்தான், பாங்க்கில் பிரமோஷன் பரீட்சையா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லை அம்மா. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன். ஸ்போர்ட் டூரிங் வண்டி. கடைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இந்தப் பக்கம், வாங்கியதும் செய்ய வேண்டிய மாறுதல்கள் அந்தப் பக்கம்" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் வந்திருக்கும் இந்த ஆசையைக் கண்டு நான் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பழைய வண்டியில் கன்னியாகுமரி வரை போய் வந்தவர் அவர். பிறகு குழந்தைகள், வீட்டுக் கடன் என்று அந்த ஆசை பரணுக்குப் போய்விட்டது. இப்போது குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் போக வேண்டும் என்கிறார். நியாயமான ஆசைதானே?

ஆனால், அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன், இந்த வண்டி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மோட்டார் சைக்கிள்களில் பந்தயத்துக்கு ஏற்றவை ஒரு ஜாதி; நெடுந்தூரப் பிரயாணத்துக்கு ஏற்றவை இன்னொரு ஜாதி. முதலாவதில் ஓட்டுகிறவர் டாங்க்கின் மேல் குப்புறக் கவிழ்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது சோபா மாதிரி சௌகரியமானது; ஆனால் யானை மாதிரி கனம். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்ததில் பிறந்ததுதான் ஸ்போர்ட் டூரிங். 1976-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஆர் 100 ஆர்.எஸ். என்ற வண்டியை வெளியிட்டது. செயற்கையாகக் காற்றை அடிக்கவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் வைத்து, அதன் முன்பக்கக் கூட்டை உருவாக்கினார்கள். எதிர்காற்று மார்பில் மோதாமல், வேகமாகவும் களைப்பில்லாமலும் வெகு தூரம் போக முடிந்தது. 2001-ல் வந்த யமஹா எஃப்.ஜே.ஆர். 1300-க்கு 25 லிட்டர் டாங்க். செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டு. நம் ஊரில் 400 ஸி.ஸி.யை ஒட்டிய சிறிய வண்டிகளும் இந்த ஜாதியில் விற்கின்றன. அத்தான் பார்த்து வைத்திருப்பது அவற்றில் ஒன்று. பெயரை எழுதினால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு கேள்விகள். எத்தனை குதிரைசக்தி? அதிகபட்ச வேகம் என்ன? நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி? மறுபக்கத்தில் எட்டு மாறுதல்கள். வேறு ஸைலன்ஸர், உயரமான முன் கண்ணாடி, ஹாண்டில்பாரை உயர்த்தும் துண்டு, கூடுதல் விளக்குகள், மூன்று பெட்டிகள்... எட்டாவது வரியைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. "ஸாரி கார்டைக் கழற்றிவிட வேண்டும். பார்வைக்கு நன்றாயில்லை" என்று எழுதியிருந்தது.

அக்காவின் மௌனம் அந்த எட்டாவது வரியில்தான் இருந்தது.

1996-ம் வருஷம், தை மாதம். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். அம்மா பட்டுப் புடவையில், ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பின் சக்கரத்தின் ஓரமாக இருக்குமே அந்தத் தகடு, அதை அப்பா ஒரு மாதம் முன்பே கழற்றிவிட்டிருந்தார். அவருக்கும் அது பார்வைக்கு நன்றாகப்படவில்லை. பல்லாவரம் தாண்டியதும் தலைப்பு சக்கரத்தில் சிக்கியது. வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அம்மா கீழே விழுந்தாள். இடது முழங்கை முறிந்தது. எலும்பு கூடிற்று, கை மட்டும் அதற்குப் பிறகு முழுவதும் உயரவேயில்லை. அன்று முதல் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அக்காதான். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

அந்தத் தகடு பரணில் செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மறுநாளே அப்பா அதை எடுத்து மாட்டினார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

அத்தானுக்கு இது தெரியாது. நான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியானால் கேள்விகளை முதலிலிருந்து எழுதுவோம். நீயும் உட்கார். உன் அக்காவையும் கூப்பிடு" என்றார்.

சகோதரிகளே, அன்று நாங்கள் மூவரும் எழுதியதில் முக்கியமானவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். ஓட்டுகிறவர் கேட்க மறப்பவை இவைதான்.

முதல் கேள்வி: இரண்டு பேரும் உட்கார முடிகிறதா? ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்னால் உட்காருகிறவள் இருபது நிமிஷமாவது இறங்காமல் இருந்து பார்க்க வேண்டும். பந்தய வண்டியின் சாயல் அதிகமாக இருந்தால் பின் ஸீட் உயரமாகவும் குறுகலாகவும், முழங்கால் மடங்கும்படியும் இருக்கும். டாங்க்கில் உள்ள பெட்ரோல் முந்நூறு கிலோமீட்டர் வரும். முதுகு அவ்வளவு தூரம் வருமா என்பதல்லவா கேள்வி?

இரண்டாவது: எத்தனை கிலோ தாங்கும்? இதை யாரும் கேட்பதில்லை. வண்டியோடு கொடுக்கும் கைப்புத்தகத்தில் மொத்த எடையின் வரம்பு போட்டிருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையைக் கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு, வரம்பு 350 கிலோ, பெட்ரோலோடு வண்டி 195 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 155. அத்தான் 78, அக்கா 63, ஆக 141. தலைக்கவசம், கனத்த சட்டை, பூட்ஸ் எல்லாம் இருவருக்கும் சேர்த்து 8 கிலோ. பாக்கி 6 கிலோ! அத்தான் திட்டமிட்டிருந்த மூன்று அலுமினியப் பெட்டிகள் காலியாகவே அதற்கு மேல் இருக்கும்.

"அப்படியென்றால் நான் வீட்டிலேயே இருக்கிறேன். பெட்டிகளை மட்டும் கொடைக்கானலுக்கு அழைத்துப் போங்கள்" என்றாள் அக்கா. அன்று அவள் முதன் முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாவது: பிரேக் எப்படி? 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். சடாரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் அது முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டு சக்கரத்துக்குமா என்று கேளுங்கள். பின்னால் ஆள் இருக்கும் வண்டிக்கு இரண்டிலும் இருப்பது நல்லது.

நான்காவது: பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 ஸி.ஸி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், 350 வரை 18 சதவீதம். எஞ்சின் கொஞ்சம் பெரிதானால் வரி எங்கே போகிறது பாருங்கள். இது போகச் சாலை வரி, இன்ஷூரன்ஸ், தலைக்கவசம், சட்டை எல்லாம் இருக்கின்றன. பின் ஸீட்டுக்காரிக்கும் தரமான தலைக்கவசம் அதே கணக்கில் சேர வேண்டும். "உனக்கு அப்புறம் வாங்கலாம்" என்பது உதவாது. சட்டமும் இருவரும் அணிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி மாறுதல்களுக்கு வருவோம். எட்டையும் மூன்று குவியலாகப் பிரித்தோம்.

தாராளமாகச் செய்யலாம் என்பது முதல் குவியல். கம்பெனியே அந்த வண்டிக்கென்று விற்கும் அகலமான பின் ஸீட், பிடிகம்பி, அளவான ஒரு ஜோடிப் பக்கப் பெட்டி. பெட்டிக்குள் எத்தனை கிலோ வைக்கலாம் என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதை மீறக் கூடாது. கனத்தைப் பக்கப் பெட்டிகளில், கீழாக வையுங்கள். பின்னால் உயரத்தில் இருக்கும் பெட்டியில் கனம் ஏறினால் முன் சக்கரம் லேசாகிவிடும்; வேகத்தில் வண்டி தள்ளாடும். செலவேயில்லாத ஒரு மாறுதலும் உண்டு. இருவர் ஏறும்போது பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். டயரிலும் அதற்குரிய காற்று பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் அளவு கைப்புத்தகத்தில் இருக்கிறது. இதைச் செய்யாமலே ஊரெல்லாம் சுற்றிவிட்டு, 'வண்டி சரியில்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

யோசித்துச் செய்ய வேண்டியவை இரண்டாவது குவியல். முன் கண்ணாடி உயர்ந்தால் எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். காற்று அதன் விளிம்பில் சுழன்று நேரே தலைக்கவசத்தில் வந்து மோதுவதுண்டு; பின்னால் இருப்பவளுக்கு அந்த மோதல் இன்னும் அதிகமாகலாம். ஹாண்டில்பாரை உயர்த்தினால், அதை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, பிரேக் குழாயும் ஒயர்களும் இழுபடவில்லை என்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். ஒயரை வெட்டி விளக்கு மாட்டினால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடக்கூடும். எதை மாட்டினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது வாக்குவாதம்தான் மிஞ்சும்.

மூன்றாவது குவியலில் இரண்டே இரண்டு, கூடவே கூடாது. ஒன்று ஸைலன்ஸர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவது குற்றம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். சத்தத்துக்கும் புகைக்கும் உள்ள வரம்பை மீறினால் தனித் தண்டனை. சட்டத்தை விடுங்கள், அந்தச் சத்தத்துக்கு மேலேயே உட்கார்ந்து எட்டு மணி நேரம் போகிறவள் யார்?

இன்னொன்று அந்த எட்டாவது வரி. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவருக்காகவே எழுதப்பட்டது. பிடித்துக்கொள்ள நிரந்தரமான பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பக்கப் பெட்டி மாட்டும் சட்டத்துக்கு இடைஞ்சல் என்று கடையிலேயே அந்தத் தகட்டைக் கழற்றச் சொல்வதும் உண்டு. கழற்றத் தேவையில்லாத சட்டமாகக் கேட்டு வாங்குங்கள். நீண்ட பிரயாணத்துக்குப் புடவை வேண்டாம். பான்ட்டும் கனத்த சட்டையும்தான் சரி. ஆனால், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதும் இதே வண்டியில்தானே? துப்பட்டாவும் தலைப்பைப் போலத்தான் சிக்கும்.

கடைசியாக ஒரு தீர்மானம் செய்தோம். வண்டி வந்ததும் எதையும் மாட்டுவதில்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓட்டுவது. எங்கே வலிக்கிறது என்று இருவரும் தனித்தனியே எழுதுவது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்ட பிறகே செலவு செய்வது.

மறு வாரம் மூவரும் ஷோரூமுக்குப் போனோம். அத்தான் ஆசைப்பட்டு வைத்திருந்த வண்டியில் அக்கா ஏறி உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். அத்தான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த வண்டியிடம் போனார். அதன் பின் ஸீட் அகலம். குதிரைசக்தி சற்றுக் குறைவு. அக்கா இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அதற்குத்தான் முன்பணம் கட்டியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். கோபிப்பாள் என்று பயந்துகொண்டுதான் சொன்னோம். அம்மா வண்டி என்ன விலை, என்ன நிறம் என்று எதுவும் கேட்கவில்லை. "அந்தத் தகடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று அத்தான் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், காப்பியைக் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கென்று ஒரு பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.