மாடலுக்குக் கரிசல் மண் தெரியுமா?

எவ்வளவு மழை பெய்தால் எந்தக் குளம் நிறையும்? சங்கரன்கோவில் பக்கம் இதற்குப் பதில் சொல்ல இருவர் உண்டு. ஒருவர், காலங்காலமாக மடை திறந்து மூடும் பெரியவர். இன்னொருவர், கம்ப்யூட்டர். இந்த இருவரும் பேசிக்கொள்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

சாப்ட்வேருக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையில் ஜெஃப் அர்னால்ட் 1990களில் உருவாக்கிய ‘ஸ்வாட்’ இலவசமாகவே கிடைக்கிறது. இதைக் கொண்டு டெல்லி ஐ.ஐ.டி.யின் ஏ.கே.கோசைன் குழுவினர் நம் நாட்டின் பெரிய ஆற்றுப் படுகைகளை ஆராய்ந்து 2006ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரு சிற்றோடைக்கு உங்கள் வீட்டு பி.சி.யே போதும்.

நானும் வைப்பாற்றுப் படுகையில் ஓர் ஓடையை எடுத்து முயன்று பார்த்தேன். திரையில் அழகான நீலக் கோடுகள் வந்தன. ஆனால் ஓடை குளத்துக் கரையில் ஏறிக் குதித்து மறுபக்கம் ஓடியது!

காரணம் எளிது. நான் டவுன்லோட் செய்த நில உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் எண்டெவர் ரேடார் மூலம் எடுத்தது. அதில் ஒரு கட்டம் 30 மீட்டர். சில மீட்டர் அகலமுள்ள கரை அதில் கரைந்து போகும். தண்ணீர் நின்ற குளங்களில் ரேடார் கண்டது நீர்மட்டத்தைத்தான், குளத்தின் அடியை அல்ல. ஆகவே கொள்ளளவும் தெரியாது. மறுகால் எந்த உயரத்தில் பாயும் என்பதை மடைக்காரரிடம் கேட்டுத்தான் டைப் செய்ய வேண்டும்.

அடுத்தது மண். மழையில் எவ்வளவு ஓடும் என்று கணக்கிட ‘கர்வ் நம்பர்’ என்ற எண் உண்டு. 50 மி.மீ. மழைக்கு இந்த எண் 90 என்றால் 27 மி.மீ. ஓடிவிடும். 75 என்றால் 9 மி.மீ.தான். எக்செல்லில் போட்டே பார்க்கலாம். நனைந்த கரிசல் முதல் வகை. அதே கரிசல் கோடையில் வெடித்துக் கிடக்கும்போது முதல் மழையை அப்படியே குடித்துவிடும். ஸ்வாட்டில் வெடிப்புக்கென்று தனி செட்டிங் இருக்கிறது. நாம் ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். இது நம் ஊர் விவசாயிக்குத் தெரியும், வரைபடம் போடுபவருக்குத் தெரிய வேண்டுமே!

இதெல்லாம் வெறும் ஆராய்ச்சி இல்லை. மேல் குளத்தின் மறுகாலைக் கொஞ்சம் உயர்த்தினாலும், ஓடையில் ஒரு தடுப்பணை கட்டினாலும் கீழ்க் குளத்துக்காரர் வயல் காயலாம். கட்டுவதற்கு முன்பே அதைக் காட்டக்கூடியது மாடல் ஒன்றுதான். ஆனால் குளங்களே இல்லாத மாடல் தரும் கலர் படத்தை நம்பிக் கட்டினால், நஷ்டம் யாருக்கு?

எனவே என் கோரிக்கை இரண்டு. திட்டம் போடுபவர்கள் மாடலில் என்னென்ன எண்களைக் கொடுத்தார்கள் என்பதையும் ஊராருக்குக் காட்டட்டும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கிராமத்து இளைஞர்கள் தங்கள் குளத்தின் கரை, மடை, மறுகால் அளவுகளை ஒரு எக்செல் பைலில் ஏற்றி வைக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மௌஸைத் தொடுமுன் கரையில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்!